முள் முனையில் அமலியின் முகம்

இன்று காலை கண்ணாடிக் கடையில் மோவாயை ஒரு பட்டையின் மேல் வைக்கச் சொன்னார்கள். அப்போதுதான் அதை ஸ்பிரிட்டில் துடைத்திருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியது. எதிரே ஒரு குழாய். உள்ளே நேரான சாலை, சாலையின் முடிவில் ஒரு பலூன். "நடுவில பாருங்க மேடம், கண்ண ஆட்டாதீங்க" என்றாள் சோதித்த பெண். நடுவில் பார்த்தேன். பலூன் தெரிந்தது. ஐம்பதை நெருங்குகிற கண், வாசிக்கக் கண்ணாடி வேண்டும், வேறு குறையில்லை என்றார்கள். வெளியே வந்து கடைப்படியிலேயே நின்றுவிட்டேன். நடுவில் பார்த்தால் எனக்குத் தெரிகிறது என்பதற்காக யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது என்று நீ நம்பினாய். நான் நம்பவில்லை. பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலேயே இந்தச் சண்டையைப் போட்டு முடித்துவிட்டோம். ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதற்கு முன் பழையதையெல்லாம் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் திண்டுக்கல்லில் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். நீ கொடைரோட்டுப் பக்கம், உன் வீட்டுக்காரரின் திராட்சைத் தோட்டத்தில் குடியிருந்து, அங்கே ஒரு பள்ளியில் கணக்கு நடத்தினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தலடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாய்: "ஏய், ஒம் மூக்கு எங்கடி போச்சு?"

சிரித்தேன். நீயும் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "வெளையாடல. காது ரெண்டும் இருக்கு, தலமுடி இருக்கு. நடுவுல ஒண்ணையும் காணோம்."

மதுரையில் கண் மருத்துவர் விளக்கைப் போட்டு உள்ளே வெகுநேரம் பார்த்தார். விழித்திரையின் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது, சுற்றியிருப்பது இருக்கும், நடக்கலாம், சமைக்கலாம், நேராக எதைப் பார்க்கிறாயோ அதுதான் தெரியாது என்றார். வைத்தியம் இல்லை. நீ வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, வாசிப்பதைப் பற்றிக் கேட்கவில்லை. "எம் புள்ள மொகம்?" என்று மட்டும் கேட்டாய். அமலி அப்போது மூன்றாம் வகுப்பு. அவர் பேனாவை மூடினார். பிறகு, இப்படிப்பட்டவர்களுக்கு வெளிநாட்டில் சின்னத் தொலைநோக்கி கொடுக்கிறார்கள், உருவம் பெரிதானால் நடுப்பகுதிக்கு வெளியே கொஞ்சம் வழியும், அந்த வழிவதை வைத்துப் பார்க்கப் பழகலாம், ஆனால் இங்கே கிடைக்காது என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் எனக்குத் திண்டுக்கல் பேகம்பூர் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஆய்வகத்துக்கு லென்ஸும் பட்டகமும் அங்கே ஒரு பழைய சாமான் கடையில்தான் வாங்குவோம். பட்டாளத்தில் கழித்துப்போட்டவை. கடைக்கார பாய் கனமான ஒரு கறுப்புக் குழாயை எடுத்து வைத்தார். "வெள்ளக்காரன் சண்டைக்குச் செஞ்சது மேடம். ரைபிள் மேல மாட்றது. கண்ணாடியில ஒரு கீறல் இருந்தாலும் திருப்பிக் கொண்டாந்துருங்க" என்றார்.

இரண்டாம் உலகப் போரில் மறைந்திருந்து சுடுபவனுக்காகச் செய்த தொலைநோக்கி அது. மூன்று மடங்குதான் பெரிதாக்கும். இவ்வளவுதானா என்று நீ முகம் சுளித்தாய். அதிகம் பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பரப்பு சுருங்கும், வெளிச்சம் மங்கும்; விடியலிலும் அந்தியிலும் எதிரி நடமாடும்போது பயன்பட வேண்டும் என்பதால் வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறார்கள் என்றேன். பின்கண்ணாடியிலிருந்து மூன்று விரல் தள்ளிக் கண்ணை வைக்க வேண்டும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். புருவம் கிழியக் கூடாது. மேலே ஒரு திருகு, நூறு கெஜத்திலிருந்து ஆயிரம் கெஜம் வரை தூரத்துக்கேற்பத் திருப்ப. பக்கவாட்டில் இன்னொன்று, காற்று தோட்டாவைத் தள்ளும் அளவுக்கு. உள்ளே, கீழிருந்து எழும்பி நடுவில் முடியும் கூரான முள். அதன் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்லிய கம்பி. ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது. யாருக்காக யோசித்தார்கள் என்பதை மட்டும் நாம் இருவரும் யோசிக்காமலிருக்கப் பார்த்தோம்.

அமலியைப் பம்புசெட் தொட்டியின் மேல் உட்கார வைத்தோம். உனக்குக் கிட்டப்பார்வை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன், அப்போதுதான் பக்கத்தில் இருப்பது குவியும். நீ பந்தல் தூணில் முழங்கையை முட்டுக்கொடுத்துக் குழாயைத் தூக்கினாய்.

"ஒண்ணுந் தெரியலடி. கம்பி தெரியுது. மங்கலா. நடுவுல அறுந்து கெடக்கு."

வாங்கிப் பார்த்தேன். கம்பி முழுசாக இருந்தது. குழாயைத் திருப்பிக் கொடுத்தேன். நீ புரிந்துகொண்டாய். "அப்ப அறுந்தது நாந்தானா?" என்றாய்.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. "கம்பியப் புடிச்சுக்கிட்டே வலது பக்கமா கண்ணக் கொண்டு போ. ஓரத்தப் பாரு. மொகத்தப் பாக்காத."

"மொகத்தப் பாக்காம மொகத்தப் பாக்கணுமாக்கும்" என்றாய். ஆனால் செய்தாய். உன் வாய் லேசாகத் திறந்தது. "முள்ளு வருது... முனை வருது... ஏய்! அமலி! பல்லு எங்கடி? முன்பல்லு எப்ப விழுந்துச்சு?"

"போன வாரமே விழுந்துருச்சும்மா. சொன்னேன்ல" என்றாள் அமலி.

நீ குழாயை இறக்கவில்லை. அவள் தொட்டியிலிருந்து குதித்து ஓடியபோதும், காலியான தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வழி அதுதான். அறுந்த கம்பியின் மிச்சத்தைப் பிடித்து ஓரத்துக்குப் போனால் முள்ளின் முனை வெளியே வரும். முள்ளின் முனையில் முகம் இருக்கும். முகம் வேண்டுமென்றால் முள்ளோடுதான் என்பது உனக்குப் பிடிக்கவில்லை. அது சரியாக அவள் மூக்கின் மேல் நின்றது. நான் மேல் திருகை ஆயிரம் கெஜத்துக்குத் திருப்பினேன். அந்தக் காலத்துக் குழாய்களில் திருகைத் திருப்பினால் முள்ளே இடம் நகரும். மூக்கிலிருந்து மோவாய்க்கு இறங்கியது. அதற்கு மேல் இறங்காது.

"ஆயிரம் கெஜத்துல நிக்கிற ஆளுக்கு வைக்கிறது" என்றேன்.

"எம் புள்ள அம்புட்டுத் தூரத்துலயா இருக்கா?"

"நாலு மீட்டர்."

"குழாய்க்குத் தெரியவா போகுது. இருந்துட்டுப் போகட்டும்."

அதன்பின் திருகை நீ மாற்றவே இல்லை. உன் நாத்தனார்தான் வரும்போதெல்லாம் முணுமுணுப்பார்: "புள்ள மூஞ்சிக்கு நேரா எவளாச்சும் துப்பாக்கியத் தூக்குவாளா?" நீ சொல்வாய்: "துப்பாக்கி வேற எடத்துல இருக்கு மதினி. இது குழாய் மட்டும்." அமலிக்கு அது விளையாட்டாகிவிட்டது. நீ குழாயைத் தூக்கினால் போதும், இரண்டு கையையும் உயர்த்தி "சரண்டர்! சுட்றாதம்மா!" என்று கத்துவாள். கையை உயர்த்தியபடி அசையாமல் நிற்பாள். உனக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படி நின்றாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

பள்ளி வேலையை நீயாகவே விட்டாய். கம்பியின் அறுந்த இடம் வருடத்துக்கு வருடம் அகண்டது. நான் வரும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்கும் குரலிலேயே சொல்வாய்: "இன்னங் கொஞ்சம் போயிருச்சு." மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போவாய், நான் வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாரிடம் கேட்கிறாய், கொடுத்தவனிடமா எடுத்தவனிடமா என்று ஒருமுறை கேட்டேன். "யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட" என்றாய்.

பதினோராம் வகுப்புக்கு அமலியைத் திருச்சியில் விடுதியில் சேர்த்தார் உன் வீட்டுக்காரர். அவள் வரும் நாளில் நீ குழாயோடு கொடைரோடு நடைமேடைக்குப் போய்விடுவாய். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று அவர் கேட்டதற்கு, "எறங்கும்போது இருக்கிற மொகம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள மாறிரும்" என்றாயாம்.

அந்த ஒருநாள், அதே ரயிலில் ஓர் அமைச்சர் வருகிறார் என்று நடைமேடை முழுக்கப் போலீஸ். உனக்கு அது தெரியாது. காக்கியும் கூட்டமும் உன் கண்ணின் ஓரத்தில் வெறும் நிழல். நீ சிமெண்டுத் தூணில் சாய்ந்து, பெட்டி வாசலுக்கு நேராகக் குழாயைத் தூக்கினாய். அமலி இறங்கினாள். உன்னைப் பார்த்தாள். எட்டு வயதிலிருந்து வந்த பழக்கம். கைப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு அசையாமல் நின்றாள்.

ஒரு காவலர் அதைப் பார்த்தார். ஒரு பெண் ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று அவள் பார்த்த திசையில் திரும்பினார்.

தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது நீ காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அமலி உன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "நான் வெளையாட்டுக்குத்தான் சித்தி கையத் தூக்கினேன்." ஒரு காவலர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுல என்னம்மா பாத்த?"

"எம் புள்ளைய."

"புள்ளைய எதுக்கும்மா துப்பாக்கிக் குழாயில பாக்குற? கண்ணு இல்லையா ஒனக்கு?"

"அதத்தான் சார் அப்போருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாய்.

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், மருத்துவரின் தாள்களைப் பொறுமையாகப் படித்தார். இது வெறும் தொலைநோக்கி என்று நான் கல்லூரித் தாளில் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி மேடம். நீங்க பிசிக்ஸ். வெறும் தொலைநோக்கின்னா உள்ள இந்த முள்ளு எதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "குறி வைக்க" என்றேன்.

"பாத்தீங்களா? முள்ள எடுத்துட்டா?"

"எடுத்துட்டா வெறுங்குழாய்."

"அப்ப எடுத்துருங்க. எங்காளு முன்னாடி எடுங்க, அப்பவே வாங்கிட்டுப் போங்க. அப்படியே குடுத்தா நாளைக்கு எனக்குப் பதில் சொல்ல முடியாது."

உன் வீட்டுக்காரர் உடனே தலையாட்டினார். முள் போனால் போகட்டும், குழாய் வந்தால் போதும் என்றார். அமலிகூட, "நல்லதுதான்மா, அந்த முள்ள ஒனக்குப் பிடிக்காதுல்ல" என்றாள். நீ என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாய். "முள்ள எடு. கம்பிய மட்டும் விட்டுருடி. கம்பி இல்லாட்டி எங்க போறதுன்னு எனக்குத் தெரியாது." உன் விரல் அழுந்திய இடம் வெகுநேரம் வலித்தது.

மறுநாள் ஒரு காவலர் குழாயோடு ஆய்வகத்துக்கு வந்தார். பிரிப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டு, ஜன்னல் வழியே பார்த்தார். "அடேயப்பா, சிறுமலை இந்தா இருக்கு! கையவிட்டு மரத்தப் புடிக்கலாம் போல." நீ பக்கத்தில் நின்று, அவர் பார்த்து முடிக்கும் வரை காத்திருந்தாய். கம்பியை விட்டுவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். "கம்பிதானே மேடம், விட்டுருங்க. முள்ளு இருந்துச்சா இல்லையான்னுதான் என்னக் கேப்பாங்க" என்றார்.

ஆனால் கம்பியும் முள்ளும் ஒரே வளையத்தில் இருந்தன. போர்க்காலத்தில் எவனோ ஒருவன் அவை அசையவே கூடாது என்று பற்றவைத்திருந்தான். பிளேடால் முள்ளின் அடியை அறுத்தேன். முள் கழன்ற நொடியில் கம்பியும் தெறித்துச் சுருண்டது. சத்தமே இல்லை. யார் அறுத்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். நீயும் அதையேதான் பலமுறை சொன்னாய். காவலர் மேசையைக் குனிந்து பார்த்து, "அய்யய்யோ" என்றார்.

குழாய் திரும்பி வந்தது. உள்ளே தடையில்லாத வெள்ளை வட்டம். அமலி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நீ குழாயை இப்படியும் அப்படியும் நகர்த்தினாய். "எங்கடி இருக்கா?" முகம் வட்டத்துக்குள்தான் இருந்தது. அதற்குப் போகும் வழிதான் இல்லை. "இங்கதான்மா இருக்கேன், இங்கதான்" என்று அவள் சொல்லச் சொல்ல நீ குரலை நோக்கி நேராகத் திரும்பினாய். நேராகத் திரும்பினால்தான் உனக்குத் தெரியாதே. ஓரத்தைப் பார் என்றேன். "எது ஓரம்?" என்று கத்தினாய். நீ என்னிடம் கத்தியது வாழ்க்கையில் அது ஒருமுறைதான்.

கம்பிக்குப் பதிலாக அமலியின் தலைமுடியை இழுத்துக் கட்டினேன். பழைய கருவிகளில் அப்படிச் செய்ததுண்டு. கொஞ்ச நாள் நன்றாகவே இருந்தது. முடி ஒரு கயிறு போலப் பெரிதாகத் தெரிகிறது, முன்னைவிட நல்லது என்றாய். ஐப்பசியில் மழை பிடித்ததும் ஈரத்தில் அது தொய்ந்து சுருண்டது. மாற்றிக் கட்டினேன். மறுபடி தொய்ந்தது. அமலி ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்ததும் முதல் வேலையாகத் தலையைக் குனிந்து, "எடுத்துக்கங்க சித்தி" என்பாள். உன் கண்ணும் தொய்ந்துகொண்டே போனது. கடைசியில் ஒருநாள் குழாயை மடியில் இறக்கி வைத்தாய். "முடி இருக்கா?" என்றாய். இருக்கிறது, விறைப்பாக இருக்கிறது என்றேன். "எனக்கு அதோட ரெண்டு ஓரமும் போயிருச்சுடி."

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தாய். நான் அதிகம் பேசாதவள், முகங்களைப் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியாதவள். அமலி வரும்போதெல்லாம் அவள் முகத்தை உனக்குச் சொல்ல வேண்டும். முதல் தடவை "நல்லா இருக்கா" என்றேன். "அதச் சொல்ல நீ எதுக்கு? தெருவுல போறவளும் சொல்லுவா. என்ன இருக்கோ அதச் சொல்லு" என்றாய். ஆகவே பார்த்தேன். இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே. பேசத் தொடங்கும் முன் கீழுதட்டைக் கடிக்கிறாள். நெற்றியில் புதிதாக ஒரு பரு. அமலி வெட்கத்தில், "பருவையெல்லாம் எதுக்கு சித்தி சொல்றீங்க" என்பாள். "பருவையும் சேத்துச் சொல்லு" என்பாய்.

அவள் கல்லூரியில் படிக்கும்போது நீ காய்ச்சல் என்று படுத்தாய். எழவில்லை. மருத்துவமனையில் அவள் உன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். அங்கே நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தது எனக்குத் தெரிந்தது. "அழுகுறா. மூக்கு செவந்துருக்கு. வாய் ஒரு பக்கமாக் கோணியிருக்கு" என்றேன். "கோணட்டும். எனக்கும் அழுதா அப்படித்தான் கோணும்" என்றாய். அதன்பின் நீ பேசியது எதுவும் புரியவில்லை.

நீ போன பிறகும் அந்த வேலையை என்னால் நிறுத்த முடியவில்லை. அவளைப் பார்த்துவிட்டு வந்தால் மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்கிறேன். கேட்க யாரும் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். இருந்தும் ஒன்றை விட்டுவிட்டால் தூக்கம் வருவதில்லை.

போன ஞாயிறு அமலி வந்திருந்தாள். இப்போது திண்டுக்கல்லிலேயே வேலை. கல்யாணப் பேச்சும் நடக்கிறது. சொல்கிறேன், கேள். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. முடியைத் தோள்வரை வெட்டிவிட்டாள். பொருந்தவில்லை, அவளிடம் சொல்லவில்லை. காதில் சின்னதாகப் பச்சைக் கல். சிரிக்கும்போது உன் சிரிப்பு. காப்பியைக் கொடுத்தேன். என் எதிரே உட்கார்ந்து ஆபீஸ் கதையெல்லாம் சொன்னாள். செத்த நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது பார்த்தது என் முகத்தை இல்லை. முகத்துக்குக் கொஞ்சம் வலப்புறம், என் காதோரத்துக்கும் சுவருக்கும் இடையே. நான் நாற்காலியை நகர்த்தினேன். அவள் பார்வையும் நகர்ந்தது, அதே அளவு தள்ளி.

"என்ன சித்தி, ஏன் அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். உனக்கு நான் சொல்லாத பொய்யை அவளிடம் சொன்னேன். நாளை அவளை மதுரைக்கு அழைத்துப் போகிறேன், எனக்குத்தான் கண் காட்ட வேண்டும், துணைக்கு வா என்று சொல்லியிருக்கிறேன். என்ன இருக்கிறதோ அதைச் சொல் என்றாய். சொல்லிவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும் என்பதை நீ சொல்ல வேண்டும். யாரும் இல்லாத இடத்தில் நின்று கேட்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.